கட்டைக்கும் மணிக்கும் நடுவில்

அக்காவுக்குச் சம்பளம் லாரி ஓட்டத்தான். மூக்கை உடைத்துக்கொள்வது அவள் சொந்தச் செலவு.

மீன் ஏற்றுகிற குளிர்பெட்டி லாரி. அப்பா முதுகு பிடித்துப் படுத்தபோது அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், இன்னும் இறங்கவில்லை. முதல் வாரமே சரக்கு இறக்கும் மேடையில் ஒருத்தன், "பாப்பாவுக்கு ரிவர்ஸ் எல்லாம் வருமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் இடுப்பில் கை வைத்தான். அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, லாரியின் பின்கதவு இடுக்கில் வைத்துக் கதவை அறைந்தாள். இரண்டு விரல் அவனுக்கு இன்றைக்கும் மடங்காது. ரிவர்ஸ் பற்றி அப்புறம் யாரும் விசாரிக்கவில்லை. மீன் வாங்க வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க் குத்துச்சண்டை மாஸ்டர், "எல்லா இடத்துலயும் கதவு இருக்காதும்மா. கையால அடிக்கக் கத்துக்கோ" என்றார். இப்படித்தான் சேர்ந்தாள்.

நன்றாக அடித்தாள். போன மழைக்காலம் வரை.

அப்போது ஒரு போட்டியில் அவளோடு மோதியவள் ஒரு நெட்டைக்கொக்கு. அவள் வலது கை வந்ததை நான் பார்த்தேன், அக்கா பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே அக்காவின் முட்டி மடிந்து, முகம் மேடைப் பலகையில் மோதிய சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டியை யார் நிறுத்தினது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவள் கண்ணில் ஒரு கோளாறு. பார்வை எல்லாம் சுத்தமாக இருந்தது. ஏதாவது முகத்தை நோக்கி வந்தால் மட்டும் இமை தானாக மூடிக்கொள்ளும். முதலில் கண்டுபிடித்தது நான்தான். அவள் மேல் எதையாவது எறிவது என் பிழைப்பு. அழிரப்பர், ஈரத் துண்டு, ஒருமுறை அப்பாவின் செருப்பு. திரும்பிக்கூடப் பார்க்காமல் பிடித்து, இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பி எறிவாள். அந்தச் சண்டைக்குப் பிறகு ஒருநாள் ஒரு கசக்கிய காகிதத்தை எறிந்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆமை மாதிரித் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். காகிதம்! அன்றோடு எறிவதை விட்டுவிட்டேன். போரடித்துப்போச்சு, வேறொன்றுமில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மறுபடி ஒரு சண்டை இருந்தது. வருகிறாயா இல்லையா என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா பதில் சொல்லாமல் தூரத்து ஊருக்கு ஒரு லோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் ஏறிக்கொண்டேன். தலைமையாசிரியர் தன் நாற்காலியோடு சேர்த்து எழுந்து நின்ற சம்பவத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடமும் நானும் கொஞ்ச நாள் பேசிக்கொள்வதில்லை என்று முடிவாகியிருந்தது. பசை நல்ல பசை.

குளிர்கிடங்கில் எங்களுக்கு முன்னால் நீளமான வரிசை. சாயங்காலம்தான் இறக்குவோம் என்றார்கள். அக்கா இருக்கைக்குப் பின்னாலிருந்து கிளவுஸ் பையை எடுத்தாள்.

"எங்க போற?"

"இந்தத் தெருக் கோடியில ஒரு குத்துச்சண்டைக் கூடம் இருக்காம். போய் ரெண்டு ரவுண்டு நிக்கணும்."

"ஏன், நம்ம ஊர்ல ஆள் இல்லியா?"

"நம்ம ஊர்ல நான் கண்ண மூடினா மறுநாள் மீன் மார்க்கெட் பூரா தெரிஞ்சிடும். இங்க யாருக்கும் என்னைத் தெரியாது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். "இன்னைக்கும் மூடிச்சுன்னா அவ்வளவுதான்டா. கிளவுஸ இங்கயே யாருக்காவது குடுத்துட்டு வந்துடுவேன். மாஸ்டருக்கு நீயே சொல்லிடு."

கூடம் ஒரு தச்சுப்பட்டறைக்கு மேல்மாடி. கீழே ரம்பம் அலற, மேலே மணல்மூட்டைகள் அதிர்ந்தன. படியெல்லாம் மரத்தூள், சுவரெல்லாம் வியர்வை ஈரம், மூலையில் ஒரு வாளி, வாளியின் தண்ணீர் இளஞ்சிவப்பு. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் மாஸ்டர் கழுத்தே இல்லாத மனிதர். தலை நேராகத் தோளில் வைக்கப்பட்டிருந்தது. அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"லாரி ஊரு."

"சரி, லாரி. எங்க வழக்கம் தெரியுமா? வெளியாள் வந்தா மூட்டையக் குத்திட்டுப் போறதெல்லாம் கிடையாது. கயித்துக்குள்ள ஏறணும். ஏறினா நிஜ அடி."

"அதுக்குத்தான் வந்தேன்."

"தலைக்கவசம் எடுத்துக்கோ."

"வேணாம். பார்வைய மறைக்கும்."

"உன் மூஞ்சி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி, "ஏய் பார்லர்! வா!" என்று கத்தினார்.

வந்தவள் அக்காவைவிட ஒல்லி. அடுத்த தெரு அழகு நிலையத்தில் பெண்களுக்குப் புருவம் திருத்துகிறவளாம். நகம் வெட்டி, தலை பின்னி, பார்த்தால் பால் டம்ளர் மாதிரி இருந்தாள். "அக்கா, பாத்து வாங்கிக்குங்க" என்று பணிவாகச் சொன்னாள். கொடுக்கப்போவது என்னவென்று மணி அடித்ததும் தெரிந்தது.

முதல் குத்து நேராக வாயில். அக்காவின் தலை பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்தது. அக்கா கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு கையை வீசினாள், காற்றுக்கு நல்ல அடி விழுந்தது. பார்லர் சுற்றி வந்து விலாவில் ஒன்று வைத்தாள். ஈரத் துணியைக் கல்லில் அடித்த சத்தம். அக்காவின் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் நூலாகத் தொங்கின. மறுபடி முகம். மறுபடி இமை. கயிற்றைச் சுற்றி நின்றவர்கள் கவனித்துவிட்டார்கள்.

"லாரி ஹெட்லைட்ட அணைச்சிட்டு ஓட்டுது டோய்!"

"ஹார்னாவது அடிக்கச் சொல்லு!"

வேறு நாளாக இருந்தால் அந்த ஜோக்கை நானே சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொன்னவன் மண்டையில் வாளியைக் கவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை மூலையில் தள்ளி பார்லர் மாற்றி மாற்றிக் குத்தினாள். மாவு பிசைகிற மாதிரி, அவசரமே இல்லாமல். அக்காவின் உதடு கிழிந்தது. அவள் இப்போது அடிக்கக்கூட முயலவில்லை, முழங்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். எப்போது முடியும் என்று காத்திருப்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

அப்போது ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தவர் இரண்டு மரக்கட்டைகளை எடுத்துப் படீரென்று தட்டினார்.

எங்கள் ஊர்க் கூடத்தில் மணி கிடையாது. இருந்ததை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ரவுண்டு முடிந்தால் மாஸ்டர் கட்டையைத் தட்டுவார். கட்டை என்றால் முடிந்தது. அக்கா இத்தனை வருடமும் கட்டைக்குத்தான் கை இறக்கியிருக்கிறாள். இங்கேயும் இறக்கினாள். இரண்டு கையையும் தொங்கவிட்டு, அப்பாடா என்று நிமிர்ந்து, பார்லரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அந்தக் கூடத்தில் கட்டை என்றால், 'மணி அடிக்கப் போகுது, சீக்கிரம் அடி.'

பார்லர் அடித்தாள். இடுப்பிலிருந்து சுழன்று வந்த இடது கை. தாடையில் பட்ட சத்தத்தில் கீழே ரம்பம் ஓடுவதே மறந்துபோனது. அக்கா பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். மணி அதற்கப்புறம் மெதுவாக, மரியாதையாக அடித்தது.

நான் எப்போது கயிற்றுக்குள் புகுந்தேன் என்று தெரியாது. "கட்டை தட்டினப்புறம் அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசியா?" என்று கத்தினேன்.

"கட்டை தட்டினா அடிக்காம கொஞ்சுவாங்களா?" என்றாள் பார்லர், நிஜமாகவே புரியாமல். பிறகு முகம் மாறியது. "ஐயோ... உங்க ஊர்ல அதான் முடிவா?"

மாஸ்டர் குனிந்து அக்காவின் முகத்துக்கு முன்னால் விரலைக் காட்டினார். "எத்தனைம்மா?"

"ரெண்டு. நகத்துல அழுக்கு." அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"போதும். இறங்கு."

அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ரத்த எச்சில் என் காதில் தெறித்தது.

"டேய். நான் பாத்தேன்டா."

"எதை?"

"அந்தக் குத்த. அவ இடுப்பு திரும்பினது, தோள் வந்தது, கிளவுஸ் தையல் பிரிஞ்சிருந்தது வரைக்கும். தாடைல படற வரைக்கும் பாத்தேன். கண்ணு மூடவே இல்ல." பல்லெல்லாம் சிவப்பாகச் சிரித்தாள். "முடிஞ்சிருச்சுன்னு நெனச்சதால பயப்படல. அதான். கண்ணு ஒண்ணும் கெட்டுப் போகல, பயந்துதான் மூடுது. பட்டாலும் இவ்வளவுதான?"

இவ்வளவுதான் என்கிறாள். தாடை அதற்குள் பப்பாளி மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா கேட்டாள்: "ஏறினா நிஜ அடின்னு சொன்னீங்களே, ஒரு ரவுண்டுதான் உங்க வழக்கமா?" தோளுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு அவர் மணி அடிக்கச் சொன்னார்.

இரண்டாவது ரவுண்டைச் சண்டை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் இடித்துத் தள்ளினார்கள். பார்லரின் முதல் குத்தைக் கண் திறந்தபடி நெற்றியில் வாங்கிக்கொண்டே அக்கா அவள் வயிற்றில் கையைப் புதைத்தாள். பார்லர் குனிந்தாள். குனிந்த மூக்கில் கீழேயிருந்து ஒன்று. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பின்னின தலை அவிழ்ந்தது. பார்லர் விடவில்லை, பாய்ந்து வந்து அக்காவின் இடது புருவத்தில் இறக்கினாள். தோல் பிளந்து வெள்ளையாக ஒரு கணம் தெரிந்து, பிறகு குபுகுபுவென்று ரத்தம். அது கண்ணுக்குள் வழிந்தபோதும் அந்தக் கண் திறந்தே இருந்தது. சிவந்த கண்ணோடு முன்னேறி, விலாவில் மூன்று, தாடையில் ஒன்று. பார்லர் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, கையை உயர்த்தினாள். போதும்.

ஹார்ன் அடிக்கச் சொன்னவன் ஓடிப்போய்ப் பஞ்சு கொண்டுவந்தான்.

புருவத்தைப் பஞ்சால் அழுத்தியது பார்லர்தான். அவள் மூக்கிலேயே இரண்டு பஞ்சு இருந்தது. ஞாயிறு ஒரு போட்டி இருப்பதை அக்கா அவளிடம் சொன்னாள். "தையல் போடணும்க்கா. ஞாயித்துக்கிழமை டாக்டர் உங்களக் கயித்துப் பக்கமே விடமாட்டார்."

அக்கா எங்கள் ஊர் மாஸ்டருக்குப் போன் போட்டாள். "ஞாயிறு வர முடியாது மாஸ்டர். புருவம் கிழிஞ்சிருக்கு... ஆமா, இங்கதான்... திட்டுங்க, திட்டி முடிச்சிட்டு அடுத்த போட்டிக்கு என் பேர எழுதிக்குங்க." அந்தப் பக்கம் திட்டு முடிய நேரமாயிற்று. அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

"இன்னொரு புருவத்தச் சும்மா திருத்தி விடட்டுமாக்கா?" என்றாள் பார்லர். "ரெண்டும் சமமா இருக்கும்."

அக்கா வெடித்துச் சிரித்தாள். பிளந்த இடம் மறுபடி வாயைத் திறந்து, ரத்தம் கன்னத்தில் ஓடியது. பார்லர் அலறினாள்: "சிரிக்காதீங்க! தையல் ஆறுற வரைக்கும் இவங்கள யாரும் சிரிக்க வைக்கக் கூடாது, கேட்டியா தம்பி?"

சாயங்காலம் சரக்கை இறக்கி, புருவத்துக்குத் தையலும் போட்டாயிற்று. மறுநாள் காலையில்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று கழுத்தில்லாத மாஸ்டர் உத்தரவு. எடுத்தோம். எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் அக்காவின் முகத்தைப் பார்த்துத் தானாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை வைத்து மட்டும் எனக்கு ஏழெட்டு ஜோக் தோன்றியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"என்னடா, ஊமையாயிட்ட?"

"தூக்கம் வருது" என்றேன். ஊர் வரும்வரை வாய் திறக்கவில்லை.