லால் பஜாரில் வாங்கிய நைலான் தந்திகள்

ஹௌரா மெயில் வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் தாமதமாகக் கல்கத்தா வந்து சேர்ந்தது. மெட்ராஸிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். அவ்வளவு தூரமும் எனக்கும் என் கிடாருக்கும் ஒரே பெர்த். சீட்டுக்கு அடியில் தள்ளினால் ஊர்ப்பட்ட டிரங்குப் பெட்டிகள் அதை இடிக்கும் என்று கால்மாட்டில் கிடத்தி, நான் முழங்காலை மடக்கிப் படுத்தேன். எதிர் சீட்டுக்காரர் கரக்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் திருச்சிக்காரர். நல்ல மனிதர், ஆனால் விடாக்கண்டர்.

"ஒரு பாட்டு வாசிங்களேன், பொழுது போகும்" என்றார்.

"கம்பி அறுந்திருக்கு."

"அறுந்த கிடாரைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரமா?"

நியாயமான கேள்விதான். நாலாவது தந்தி அறுந்து பத்து நாளாகியிருந்தது. மற்ற ஐந்தும் எந்த நிமிஷமும் அதன் வழியே போகக் காத்திருந்தன. என்னுடையது நைலான் தந்தி பூட்டுகிற கிளாசிகல் கிடார். மெட்ராஸில் நான் கேட்ட கடைகளில் எல்லாம் எஃகுக் கம்பிதான் இருந்தது. அதைப் பூட்டி முறுக்கினால் தந்தி கட்டும் மரக்கட்டையே பெயர்ந்து கையோடு வந்துவிடும். கல்கத்தாவில் கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்கிறார்கள், லால் பஜாரில் கிடைக்கும் என்று சரோஜா அக்கா எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தமிழ்ச் சங்கத்தில் சித்திரை விழா. அதில் எனக்குப் பதினைந்து நிமிஷம் வாங்கி வைத்திருந்ததும் அவள்தான்.

முப்பத்திரண்டு வயது வரை நான் நாலு பேர் எதிரில் பாடியதில்லை. பன்னிரண்டு வயதில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், "சுருதி சுத்தமா இருக்கு, குரல்தான் எழும்பலை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு டெலிபோன் ஆபீஸில் வேலை. அங்கேயும் "கொஞ்சம் உரக்கப் பேசும்மா" என்பதுதான் என் பெயர். பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய மாஸ்டரிடம் கிடார் கற்கப் போனபோது, அவர் போஸா நோவா என்ற பிரேசில் நாட்டுச் சங்கீதத்தின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் அதில் பாடுகிறார்கள். கட்டைவிரல் தடித்த தந்தியில் நிதானமாக நடக்கிறது. மற்ற மூன்று விரல்களும் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே சேர்ந்து கொத்துகின்றன. எனக்கிருக்கும் குரலுக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறதே என்று அன்றைக்கு அழுதுவிட்டேன். அந்தப் பாணியில் நானே தமிழில் சில பாட்டுகள் எழுதி, ஐந்து வருஷமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாடிவந்தேன். அறைக்கு வெளியே அது செல்லுமா என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். செல்லாவிட்டால் கிடாரை விற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறியிருந்தேன்.

பவானிபூரில் அக்கா வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, அன்று பிற்பகலே அத்திம்பேருடன் கிளம்பினேன். கல்கத்தாவில் பதினெட்டு வருஷமாக இருப்பவர். டல்ஹௌசி பக்கம் கம்பெனி உத்தியோகம். எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார். மினிபஸ்ஸில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. பாதாள ரயிலுக்காகச் சௌரங்கியைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். டல்ஹௌசியில் இறங்கி லால் பஜாருக்கு நடந்தோம். தெருவின் ஒரு பக்கம் முழுக்க வாத்தியக் கடைகள். ஹார்மோனியத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒருவர், பித்தளைக் குழல்களைத் துடைத்தபடி இன்னொருவர்.

முதல் மூன்று கடைகளில் கிடார் என்றதும் எஃகுக் கம்பியை எடுத்து நீட்டினார்கள். இங்கே கிடார் என்றால் மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கிற ஹவாயன் கிடார்தான். வீட்டுக்கு வீடு பெண்கள் அதில் வங்காளிப் பாட்டு வாசிக்கிறார்கள். என்னுடையதுபோல நிமிர்த்தி வைத்து வாசிப்பதற்கு ஸ்பானிஷ் என்று பெயர். நாலாவது கடைக்காரர்தான், "ஸ்பானிஷா? நைலானா?" என்று கேட்டு, பீரோவின் மேல்தட்டிலிருந்து இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்று விறைப்பான தந்தி, அறுபது ரூபாய். மற்றது இளக்கமானது, நாற்பத்தைந்து.

இரண்டிலும் ஒவ்வொரு தந்தியை உருவி விரல்களுக்கு நடுவே வளைத்துப் பார்த்தேன். விறைப்பானது விட்டதும் துள்ளி நிமிர்ந்தது. கடையில் இருந்த கிடார் ஒன்றிலும் அதே வகைதான் பூட்டியிருந்தது. மீட்டிப் பார்த்தேன்; மணிமணியான நாதம், கடைக்கு வெளியே நின்றவர் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் வங்காளியில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"பெரிய ஹாலுக்கு இதுதான்கிறார். எனக்கும் அப்படித்தான் படறது" என்றார் அத்திம்பேர். "முந்நூறு பேர் வருவா பத்மா. ஒரே ஒரு மைக். கணீர்னு கேக்கறதை வாங்கு."

"ஒரே மைக்குங்கறதாலதான் அத்திம்பேர் யோசிக்கறேன். கிடார் கணீர்னு கேட்டா நான் எங்கே கேப்பேன்?"

"நீ கொஞ்சம் உரக்கப் பாடேன்."

இருபது வருஷமாகக் கேட்கிற வார்த்தை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இளக்கமான உறையை எடுத்து நாற்பத்தைந்து ரூபாயைக் கொடுத்தேன். கடைக்காரர் புது வருஷம் என்று ஆளுக்கொரு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்.

"கேக்கலேன்னா அப்புறம் என்னைச் சொல்லாதே" என்று அத்திம்பேர் பஸ்ஸில் ஒரு தடவையும், வீட்டு மாடிப்படியில் ஒரு தடவையும் சொன்னார்.

நைலான் தந்தி புதிதில் ரப்பர் மாதிரி இழுபடும். பூட்டிச் சுருதி சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் இறங்கிவிடும். வெள்ளி இரவும் சனி முழுக்கவும் முறுக்குவதே வேலையாக இருந்தது. "வாசிக்கறதா உத்தேசம் உண்டா, முறுக்கிண்டேதான் இருக்கப் போறியா?" என்றாள் அக்கா. ஞாயிறு காலையில்தான் ஆறும் சொன்ன இடத்தில் நின்றன.

ஞாயிறு மாலை. சங்கத்து ஹாலில் காளிகாட், பவானிபூர் தமிழ்க் குடும்பங்கள் பாதி, அவர்களுடைய வங்காளி அண்டைவீட்டார் பாதி. குழந்தைகளின் நாட்டியம் முடிந்ததும், காரியதரிசி என்னை "ஹவாயன் கிடார் கலைஞர்" என்று அறிவித்தார். நான் மறுக்காமல் கிடாரை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். முதல் பாட்டில் இரண்டு வரி போயிருக்கும், லோட் ஷெடிங். விளக்கு, மைக் எல்லாம் ஒரே வீச்சில் போயின.

நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அத்திம்பேர் சொன்னதைக் கேட்டிருக்கலாம், மைக் இல்லாவிட்டாலும் கிடாராவது கேட்டிருக்கும் என்று தோன்றியது. ஆனால் கட்டைவிரல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரியைப் பாடினேன். அப்போதுதான் கவனித்தேன், ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. கூரையில் சுற்றிக்கொண்டிருந்த அத்தனை ஃபேன்களும் நின்றிருந்தன. என் குரல் எதிர்ச்சுவரில் பட்டு எனக்கே திரும்பக் கேட்டது. யாரோ மேடை ஓரத்தில் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய இரண்டாவது பாட்டில், அவள் குடையை மறந்துவிட்டு வந்த வரிக்கு நடு வரிசையில் ஒருவர் மெல்லச் சிரித்தார். அங்கேவரை வார்த்தை போயிருக்கிறது.

அந்தப் பாட்டு முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன்கள் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தன. மைக் ஒரு தரம் கிறீச்சிட்டுவிட்டு ஊமையாகிவிட்டது. நான் வாயசைப்பது மட்டும்தான் இனி தெரியும் என்று புரிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து அத்திம்பேர் எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். கழுத்தைத் துடைத்துக்கொண்டே சுவரோரமாக நடந்து, ஃபேன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். சித்திரை மாதத்துக் கல்கத்தாவில், முந்நூறு பேர் இருக்கிற ஹாலில். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடி முடித்து, மூன்றாவதையும் பாடினேன்.

செவ்வாய்க்கிழமை ஹௌராவில் மெயில் கிளம்புகிற நேரத்தில், ஜன்னலருகே நின்ற அத்திம்பேரிடம், "அன்னிக்குப் புழுங்கலையா?" என்று கேட்டேன்.

"புழுங்காம என்ன? ஃபேன் ஓடினா நீ பாடறது காதுல விழலை."

வண்டி நகர்ந்தது. கிடாரை விற்கப்போவதில்லை; முன்போலவே கால்மாட்டில் கிடத்தினேன். உரக்கப் பாடு என்று சொல்ல மெட்ராஸில் எனக்கு ஆட்கள் எப்போதும் உண்டு. எனக்காக ஃபேனை நிறுத்தியவர் கல்கத்தாவில்தான் இருந்தார்.