அம்மா எடுத்துக் கொடுத்த பெயர்கள்

போன சாரல் சீசனில்தான் குட்டு வெளிப்பட்டது. அப்பாவுக்குக் கொஞ்ச காலமாக ஞாபக மறதி. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படித்துக் கிழித்த நானும் தலையாட்டிவிட்டு, அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலகரத்திலிருந்து ஆட்டோவில் ஏறினேன்.

மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அப்பா தோளில் துண்டோடு தனியாகப் போனார். நானும் அம்மாவும் குளித்து, தலை துவட்டி, வெகுநேரம் காத்திருந்தும் ஆளைக் காணோம். கடைசியில் போலீஸ் பூத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் சொட்டு ஈரமில்லை.

“பேரு கேட்டா சொல்லத் தெரியல. இவரையா தனியா விட்டீய?” என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “எங்கப்பா ரிட்டயர்டு ஏட்டையா. பேரு தெரியாதாமா?” என்று கத்திவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

“அவருக்குத் தெரியாதுட்டி. வீட்டுல யார் பேருன்னாலும் நான் எடுத்துக் கொடுத்துருவேன்லா.”

யார் வந்தாலும் “வடகரை மச்சான் வந்திருக்காவ பாருங்க” என்று அம்மா முந்திக்கொள்வாள். வாய் ஓயாத மனுஷி என்றல்லவா நினைத்திருந்தேன்!

தென்காசியில் டாக்டரிடம் போனோம். ஸ்கேனைக் காட்டி விளக்கினார். மூளையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லையாம். அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்க, குப்பை அள்ள என்று துணை செல்களும் உண்டாம். இந்த மறதி நோயில் குப்பை அள்ளுகிற செல்களே நிதானம் தப்பி, நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்து விழுங்கிவிடுமாம்.

வேலியே பயிரை மேய்கிற கதை. அதுவும் தலைக்குள்ளேயே!

அம்மா மெதுவாகக் கேட்டாள். “அப்போ நான் எடுத்துக் கொடுத்துதான் கெடுத்தேனா டாக்டர்?”

“இல்லம்மா. நோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க தாங்கிப் பிடிச்சதால வெளிய தெரியல, அவ்வளவுதான். இப்ப மட்டும் எதுவும் சொல்லாதீங்க” என்றவர், அப்பாவிடம் திரும்பி அம்மாவைக் காட்டினார்.

“ஐயா, இவங்க யாரு?”

அப்பா வழக்கம்போல அம்மாவின் வாயைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகம் சுருங்க அவளிடமே சொன்னார்.

“ஏட்டி, டாக்டர் கேக்காருல்லா. இவ யாருன்னு சொல்லேன்.”