வளைவில் ஒரு ‘டா’

என் அக்காள் புருஷன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு மிட்டாதார். மிட்டா என்றதும் யானை, அம்பாரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து கிராமம், ஒரு ஏரி, வரி வாங்க ஒரு கச்சேரி, அதன் வாசலில் நின்று கும்பிடச் சிலபேர், அவ்வளவுதான். அந்தக் கும்பிடு மட்டும் ஒருநாளும் குறையக் கூடாது என்பதில் மாமா கறாராக இருந்தார். மற்றபடி நல்ல மனிதர். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். அக்காவிடம் குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடையில் அவர் பெங்களூர் போய் ஒரு கார் வாங்கிவந்தார். சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பட்டாளத்துத் துரையின் பந்தய வண்டி அது. கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். வண்டியில் முக்கால்வாசி எஞ்சின்தான். அதன் மூடியை ஒரு தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். கிளப்பினால் கச்சேரிக் கூரையில் இருக்கும் புறாக்களெல்லாம் எழும்பிச் சித்தேரி மலைப் பக்கம் பறந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பிவரும்.

துரை நல்லவராக இருந்திருக்க வேண்டும். வண்டியோடு நிறையப் புத்திமதியும் கொடுத்து அனுப்பியிருந்தார். இந்த வண்டியை ரோட்டில் விரட்டாதே. அதற்கென்று ஒரு மைதானத்தில் வட்டம் போட்டுக்கொண்டு அங்கே விரட்டு. விரட்டுவதற்கு முன்னால் அந்த வட்டத்தை நடந்து பார். தலைக்குக் கெட்டியாக ஏதாவது போட்டுக்கொள். வண்டிக்குள் உருளுகிற சாமான் எதுவும் வேண்டாம். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போடு, வளைவுக்குள் போய்ப் போடாதே. வளைவின் வெளிப்பக்கத்தில் ஈ காக்காய் நிற்கக் கூடாது. சிவப்புத் துணியோடு ஒரு ஆளை மட்டும் நிறுத்து. வழியில் ஏதாவது வந்தால் அவன் வீசிக் காட்டட்டும். நடுநடுவே மெதுவாக ஒரு சுற்றுப் போய் பிரேக்கைச் சூடு ஆறவிடு. இவ்வளவையும் மாமா வீட்டுக் கூடத்தில் நின்று எங்களுக்கு மனப்பாடமாக ஒப்பித்தார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் அப்போது இன்டர்மீடியட் பரீட்சையில் தவறிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்கு வண்டி மேல் எந்த ஆசையும் இல்லை. ஆனால் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, வேண்டாத தெய்வமெல்லாம் வேண்டி நின்ற பிள்ளை. முதல் நாள் வண்டி ஏரிக்குக் கிளம்புகிற சமயம் அவள் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“வேணாமுன்னா அவரு கேக்க மாட்டாரு, தம்பி. நீ பக்கத்துல குந்திக்க. என் புள்ளைக்கு அப்பன் வேணும். உசுரோட வூட்டுக்குக் கூட்டியாந்து வுட்டுரு, அது போதும்.”

கண் கலங்கியிருந்தாள். நான் பெரிய மனிதன்போலச் சரியென்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மைதானத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் குட்டை அளவுக்குக் கொஞ்சம் தண்ணீரும் சேறும். அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். வட்டத்தை நடந்து பார்க்கச் சொன்னாரே துரை, அதற்கு மாமா கச்சேரிக் கணக்கப்பிள்ளையை அனுப்பினார். மிட்டாதார் வெயிலில் ஏரிக்குள் இறங்கி நடப்பதாவது! கணக்கப்பிள்ளை நடந்து முடித்து நொண்டிக்கொண்டே வந்து, “எல்லாம் நல்லா இருக்குதுங்க, காலுலதான் முள்ளு ஒண்ணு ஏறிருச்சுங்க” என்றார். தடத்தைச் சோதித்தாகிவிட்டது என்று மாமா வண்டியைக் கிளப்பினார்.

தலைக்குத் தக்கைத் தொப்பி. அது முதல் சுற்றிலேயே பறந்து போய்க் குட்டையில் விழுந்தது. அடுத்த வாரம் முதல் அக்கா ஒரு பழைய எட்டுமுழ வேட்டியை அவர் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். காதும் சேர்ந்து மூடிக்கொண்டதால் அவருக்கு யார் பேசினாலும் பாதிதான் கேட்டது.

உருளுகிற சாமான் விஷயத்தை மாரியம்மன் கோயில் பூசாரி கவனித்துக்கொண்டார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, காவலுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு பழத்தில் குங்குமம் தடவி வண்டிக்குள்ளேயே வைத்தார். அது முதல் வளைவில் உருண்டு போய் பிரேக் மிதிகட்டைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. மாமா மிதிக்கிறார், கட்டை இறங்கவில்லை. வண்டி தானாகக் களைத்து நிற்கிறவரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தோம். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நின்றதும் நான் பழத்தை எடுத்து எறியப் போனேன். “சாமி காரியம், மாப்ளே” என்று மாமா அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழம் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று ஊரே சொன்னது. பழம் இல்லாதிருந்தால் பிழைக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நான் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

வளைவின் வெளிப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பதையும் மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரும் நிற்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அங்கேதான் கருவேல மர நிழல் இருந்தது. மிட்டாதாரின் முகம் நேராகத் தெரிவதும் அங்கேதான். மணியக்காரரும் அவர் சம்பந்திமாரும் வருகிறபோது வெயிலில் உட்காரச் சொல்ல முடியுமா? பிரேக்கை ஆறவிடுவதோ இன்னும் மோசம். நாலு பேர் பார்க்க மெதுவாகப் போனால், எண்ணெய் தீர்ந்துபோச்சோ, பயந்துவிட்டாரோ என்று பேசிக்கொள்வார்களாம். ஆகவே பிரேக் சூட்டிலேயே வெந்தது. மிதித்தால் மிதிகட்டை அடிவரைக்கும் இறங்கிவிடும். வண்டி யோசித்துத்தான் நிற்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையான ஆபத்து என் வாயில் இருந்தது.

நாங்கள் பெண் கொடுத்த வீடு. அதிலும் நான் வயதில் சின்னவன். அவரிடம் நான் பேசுகிற எந்தப் பேச்சுக்கும் வாலில் ஒரு ‘ங்க’ இருந்தாக வேண்டும். இதைச் செய் என்று சொல்லக் கூடாது. செய்தால் தேவலை என்று சொல்லலாம். அதையும் முதலில் ‘மாமா’ என்று கூப்பிட்டு, அவர் ‘உம்’ கொட்டிய பிறகு சொல்ல வேண்டும். சாதாரணமாக வீட்டில் இது ஒரு தொந்தரவும் இல்லை. அந்த வண்டியில் மட்டும், நான் “மாமா” என்று தொடங்கும்போது எதிரே இருக்கும் வளைவு, “தேவலைங்க” என்று முடிக்கும்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். தமிழில் மரியாதை இவ்வளவு நீளம் என்பது எனக்கு அந்த ஏரியில்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரியிலிருந்து தாசில்தார் வந்திருந்தார். கருவேல நிழலில் அவருக்கு மெத்தை போட்ட நாற்காலி. மாமாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறியது. பிரேக்கிலிருந்து ரப்பர் கருகுகிற வாடை வந்தது. அக்கா சொன்னது என் காதிலேயே நின்றது.

கடைசி வளைவுக்கு அப்பால் ஒரு புதர். அதற்குப் பின்னால் இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் சிவப்புத் துணியோடு தலையாரியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். தலையாரி துணியைத் துண்டுபோலத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அன்றைக்குப் புதருக்குப் பின்னால் ஒரு எருமை. வெயில் தாங்காமல் குட்டைக்குப் போகிற வழியில், சுண்ணாம்புக் கோட்டுக்கு நட்டநடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தலையாரி அதைப் பார்த்தான். எங்களையும் பார்த்தான். துணியைத் தோளிலிருந்து எடுத்தான்.

எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கும்பிட்டான்.

மிட்டாதார் எதிரே வரும்போது தோளில் துண்டோடு எவன் நிற்பான்? அவன் அப்பனும் நின்றதில்லை, அவனும் நின்றதில்லை. கக்கத்திலிருந்து சிவப்பு நுனி எட்டிப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கும்பிடுக்கு மாமா தலையை அசைத்துப் பதில் மரியாதை வேறு செய்தார்.

“மாமா, அந்தப் பக்கம் என்னமோ இருக்குதாட்டந் தெரியுதுங்க, கொஞ்சம் பிரேக்குப் போட்டுக்கிட்டீங்கன்னா…” என்று நான் ஆரம்பித்தேன். இன்னும் ‘தேவலை’ பாக்கி இருந்தது. அதற்குள் புதர் எங்கள்மேல் வந்துவிட்டது. கொம்பு தெரிந்தது.

“பிரேக்கப் போட்றா!”

என் வாயிலிருந்துதான் வந்தது. வேட்டிச் சுற்றையும் தாண்டி அது அவர் காதுக்குள் போயிருக்கிறது. பிறந்ததிலிருந்து யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. பெற்ற அப்பாவே ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாராம். அந்த ‘டா’ விழுந்த அதிர்ச்சியில் அவர் இரண்டு காலையும் தூக்கி பிரேக்கின்மேல் ஏறி நின்றுவிட்டார். வண்டி பம்பரமாகச் சுழன்று, குட்டைச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. கை நீட்டினால் எருமையைத் தொடலாம். அது எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது.

மாமாவின் தோள் எலும்பு விட்டுப்போயிருந்தது. உதட்டில் ரத்தம். அடி பலமா என்று நான் கேட்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

“யாரப் பாத்து என்ன சொன்ன?”

அதற்குப் பிறகு நடந்ததை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. எருமை ஏன் வந்தது, பிரேக் ஏன் வெந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கச்சேரியில் கூடி உட்கார்ந்து அந்த ஒற்றை எழுத்தை விசாரித்தார்கள். சொன்னது ‘டா’வா ‘றா’வா என்றுகூட ஒரு வாதம் நடந்தது. வாய் தவறி வந்திருக்கும் என்று மணியக்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். வாய் தவறவில்லை, சரியான நேரத்துக்குத்தான் வந்தது என்றேன். அதோடு அவரும் கைவிட்டுவிட்டார். தலையாரிக்கு மட்டும் புது வேட்டி கிடைத்தது. அவ்வளவு ஆபத்திலும் மரியாதையை விடாமல் நின்றானாம்.

அக்காவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “நீ ஊருக்குப் போயிரு, தம்பி. அவரு இருக்கறாரு, எனக்கு அது போதும்” என்றாள். நான் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொரப்பூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த ‘டா’வுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிக்கொண்டது வலித்தது.

தலைப் பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஆண் பிள்ளை. மாமா வந்து பார்த்தார், நான் வீட்டில் இல்லாத நேரம் விசாரித்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் சண்டை வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, ஏரியில் வண்டி ஓடுவது நின்றுபோயிற்று. நான் மொரப்பூர் ஸ்டேஷனை ஒட்டி ஒரு புளி மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு மாற்றே கிடையாது. அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். ஒன்றுவிட்ட தம்பி எவனாவது ஆவானா என்று மாமா தேடிப் பார்த்தாராம். “என் தம்பி மடியில குத்தாட்டிப் போனா என் புள்ள காது மூளியாவே இருக்கட்டும்” என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மண்டியில் நான் மூட்டைக்கு வாய் தைக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. தெரிந்துவிட்டது. சேர்த்து வைத்த கூப்பனையெல்லாம் ஊற்றிக்கொண்டு வண்டி வந்து நின்றது. மாமாவின் ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டதாம்.

“ஏறு” என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை.

ஏறினேன். வண்டி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் திரும்பியது. புளியமரங்களுக்கு நடுவே ரோடு சட்டென்று திரும்புகிற ஒரு இடம் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. என் கை தானாகக் கதவைப் பிடித்தது.

“என்ன, சும்மா குந்திக்கினு வர்ற? வளைவு வருதில்ல? சொல்லு.”

“பிரேக்குப் போடுங்க, மாமா.”

“அப்பிடிச் சொன்னா என் காலு கேக்க மாட்டேங்குது. அன்னைக்குச் சொன்னியே, அப்பிடிச் சொல்லு.”

நான் முன்னும் பின்னும் பார்த்தேன். ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். சொன்னேன். வளைவுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே வண்டி அடங்கி, மாட்டுவண்டிபோல நிதானமாகத் திரும்பியது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அடுத்த வளைவுக்கும் சொல்லச் சொன்னார். அதற்கடுத்ததற்கும் சொன்னேன்.

எல்லைக் கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் தலையாரி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

“ஊரு வந்திருச்சு. இனிமேல்ட்டு ‘ங்க’ போட்டுக்க, மாப்ளே” என்றார்.