லேபிள் கிழித்த பாட்டில்

எச்.ஆர். சார், எங்கள் ஸ்டோர் அக்கா கம்பெனிக்குள் கஞ்சா வைத்திருந்தார் என்று நூறு பேருக்கு மேல் நின்ற இடத்தில் மைக் பிடித்துச் சொன்னீர்கள். அது பொய். சொன்ன அன்று காலையில் அது பொய் என்று உங்களுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அன்று மதியமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எட்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. எனக்கு அழகாக எழுத வராது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் டர்னர். லேத் மெஷினில் இரும்பைக் கடைகிறவன். வீடு கீழ்க்கட்டளை, கம்பெனி திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று பைக்கில் குலுங்கிக்கொண்டே போய், நாள் முழுக்க நின்று கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதே குலுங்கலோடு திரும்பி வருவேன். இருபத்தாறு வருஷம் இப்படி ஓடியதில் வலது தோள் காலியாகிவிட்டது. சட்டையில் கையை நுழைக்கவே வீட்டில் ஆள் வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை வேர்க்கடலை மாதிரி போட்டு, வயிறும் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கினேன். வலி இருந்தால் கோபம் வரும். எனக்கு வலி இல்லாத காலத்திலும் கோபம் வரும் என்று என் மனைவி சொல்கிறாள். அதை விடுங்கள்.

ஸ்டோர் அக்காவுக்கு மேற்குத் தாம்பரத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் கம்பி வலை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல். அளவு பார்க்கிற கருவிகள், கட்டிங் டூல், கிரீஸ், கையுறை எல்லாம் அவர் கையால்தான் வெளியே வரும். எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆளுக்குப் பத்துப் பித்தளை டோக்கன், அதில் அவரவர் நம்பர் அடித்திருக்கும். கனம் அளக்கிற ஒரு மைக்ரோமீட்டரை எடுத்தால் அது இருந்த ஆணியில் உன் டோக்கனை மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கினால் பொருள் உன் பொறுப்பு. அலமாரியில் டோக்கன் இல்லாமல் இருப்பதெல்லாம் ஸ்டோர் பொருள், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். இந்த ஒரு சட்டத்தை அக்கா பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பினார். காலையில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலில் போய் நின்றால், "அந்த மூஞ்சிய இங்க வச்சுட்டுப் போ தம்பி, சாயங்காலம் டோக்கன் குடுத்து வாங்கிக்கோ" என்பார். எதிரே நிற்கிற ஆள் சிரிக்காமல் எந்தப் பொருளும் ஜன்னலைத் தாண்டாது.

அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலை வேளைகளில் விரல்கள் மடங்காது. கிரீஸ் டப்பா மூடியைத் திறக்க எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். போன வருஷம் ஒருநாள் அவரே டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"இன்னாக்கா, வெரலுக்கு சர்வீஸ் வுட்டுகினியா?"

"ஆமாம்ப்பா. கஞ்சா எண்ணெய்."

பஸ் நம்பர் சொல்கிற குரலில் சொன்னார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அந்தச் செடியில் போதை தருவது ஒன்று, வலிக்கு உதவுவது என்று சொல்கிற சிபிடி இன்னொன்று. அவருடைய எண்ணெயில் சிபிடிதான் பிரதானம். கூடுவாஞ்சேரியில் ஒரு ஆயுர்வேத டாக்டரம்மா பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார், கூரியரில் வந்தது. ஆயுர்வேதத்தில் அந்த இலைக்கு விஜயா என்று மரியாதையான பெயர் இருக்கிறதாம். "எங்க பாஸ்டர் கிட்ட விஜயான்னு சொன்னேன். யாரும்மா அந்தப் பொண்ணு, ஜெபத்துக்குக் கூட்டிட்டு வாயேன்னாரு" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் ஒரு மாதம் பிகு பண்ணினேன். பிறகு தோள் என்னைக் கூடுவாஞ்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனது. டாக்டரம்மா தோளைத் திருப்பிப் பார்த்தார். நான் போடுகிற பிரஷர் மாத்திரை பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். இது மாயம் இல்லை, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, சும்மா நம்பி மற்ற மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு எண்ணெய் எழுதினார். ஒன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாக்குக்கு அடியில் விடுகிற சொட்டு, அது வீட்டில். இன்னொன்று தோளில் தேய்ப்பது, அது கம்பெனியில், மதிய இடைவேளையில்.

முதல் நாள் சொட்டு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து, குக்கரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். டிவியில் ஏதோ காமெடி வந்தது, சிரித்தேன். "ஏறிடுச்சா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உம்மென்று இருந்தேன். "இப்போ ஏறிடுச்சா?" என்றாள். சிரித்தாலும் குற்றம், சிரிக்காவிட்டாலும் குற்றம். ஒன்றும் ஏறவில்லை. வாயில் பச்சிலையை மென்ற கசப்பு மட்டும் இருந்தது. முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியாமல் ஏமாந்துவிட்டேன் என்று அக்காவிடம் கத்தினேன். இரண்டாவது வாரத்தில் புரண்டு படுக்கும்போது எழாமல் தூங்கினேன். நாலாவது வாரம் சட்டையை நானே போட்டுக்கொண்டேன். வலி போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். அதுவரை தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்த வலி, கீழே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது. எனக்கு அது போதும்.

இனி என் முட்டாள்தனம். தேய்க்கிற எண்ணெய் பாட்டிலின் லேபிளில் அந்த இலைப் படம் போட்டிருந்தது. இதைப் பார்த்தால் பசங்கள் என்னைச் சாகும்வரை ஓட்டுவார்கள் என்று லேபிளைக் கிழித்துவிட்டேன். லாக்கரில் வைத்தால் வெயிலில் தகரம் கொதிக்கிறது என்று அக்காவிடம் கேட்டு, கருவிகள் இருக்கிற அலமாரியில் ஒரு மூலையில் வைத்தேன். "லேபிள் இல்லாம வைக்காதப்பா, ஒரு டோக்கனாவது மாட்டு" என்றார். மாட்டுகிறேன் என்றேன். மாட்டவில்லை. அதற்குப் பக்கத்திலேயே மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் துருப்பிடிக்காமல் துடைக்கிற மெல்லிய எண்ணெய், அதே மாதிரி பழுப்பு பாட்டிலில், அதே மாதிரி சொட்டு மூடியோடு இருந்தது.

பத்து நாள் கழித்து, கடைந்த பொருளை அளந்து பார்க்கிற குவாலிட்டியில் இருக்கிற என் மச்சான் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். மச்சான் என்றால் சொந்தம் இல்லை, ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன்.

"டேய் மச்சான், ஸ்டோர்ல புது ஆயில் வந்துகீது, பாத்தியா? சும்மா கமகமன்னு கீது. மைக்ரோமீட்டரு வழுக்கிகினு ஓடுது."

"இன்னா வாசனைடா?"

"பச்சிலை மாரி."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இருபத்தாறு வருஷமாகக் கட்டிங் ஆயில் புகையை மோந்து மூக்கு செத்துப்போனவன் நான். ஓடிப் போய் இரண்டு பாட்டிலையும் அவன் மூக்குக்குக் கீழே பிடித்தேன். டோக்கன் தொங்காததால் ஸ்டோர் எண்ணெய் என்று நினைத்து, கம்பெனியின் அத்தனை கருவிகளுக்கும் என் மருந்தைப் பூசியிருக்கிறான் அவன். எடுத்த இடத்தில் வைக்காமல் இடம் மாற்றி வைத்திருக்கிறான். நான் பத்து நாளாகத் தோளில் கேஜ் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, "ஆஹா, இன்னைக்குத் தோள் பறக்குது" என்று அக்காவிடம் புகழ்ந்திருக்கிறேன்.

அன்று கேண்டீனே குலுங்கியது. "உன் தோளு இனிமே துருப் புடிக்காது மச்சான், கவலப்படாதே" என்றான் ஒருத்தன். "மைக்ரோமீட்டருக்கு மூட்டு வலி சரியாப்போச்சா?" என்றான் இன்னொருத்தன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தோளுக்கு உதவியது எது, ராத்திரிச் சொட்டா, தேய்த்த விரல்களின் சூடா, வெறும் நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்த பிறகு, தனக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

மத்தியானம் கேண்டீனில் ஜோக்காக இருந்தது, சாயங்காலம் கேட் தாண்டுவதற்குள் 'ஸ்டோர்ல கஞ்சா' ஆகிவிட்டது. மறுநாள் காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் நீங்கள் மைக்கை வாங்கினீர்கள், எச்.ஆர். சார். ஸ்டோரில் போதைப் பொருள் இருந்ததாகச் சொன்னீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தூக்கிக் காட்டினீர்கள். அக்கா முதல் வரிசையில் நின்றார். "சார், அது மருந்து. சீட்டு இருக்கு" என்றார். யாருடையது என்று கேட்டீர்கள். அவருக்கு அது யாருடையது என்று தெரியும். திரும்பிப் பார்த்தால் நான் மூன்றாவது வரிசையில் நிற்கிறேன் என்றும் தெரியும். திரும்பவில்லை.

"டோக்கன் இல்ல சார். டோக்கன் இல்லாதது எல்லாம் ஸ்டோர் பொருள். ஸ்டோர் என் பொறுப்பு" என்றார்.

முந்தின நாள் கேண்டீனில் சிரித்தவர்கள் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் சொல்லி மெழுக மாட்டேன். ஊரெல்லாம் கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன், கோபம் தேவைப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம்தான் உங்கள் அறைக்கு வந்தேன். பாட்டில் என்னுடையது என்றேன். மருந்துச் சீட்டை மேஜையில் வைத்தேன். நீங்கள் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தீர்கள், போனில் படம் எடுத்தீர்கள். "சரி, புரியுது. இதோட விட்டுடுங்க. மறுபடியும் மைக்ல பேசுனா எனக்குத்தான் அசிங்கம்" என்றீர்கள். அக்காவைத் தற்காலிகமாகப் பேக்கிங்குக்கு மாற்றினீர்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

மறுநாளே கூட்டத்தில் கத்துகிறேன் என்று அக்காவிடம் போய் நின்றேன். "உனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, நான் கிளம்பற ஆளு. போய் வேலையப் பாரு" என்று விரட்டினார். விரட்டிய சாக்கில் எட்டு மாதம் சும்மா இருந்தேன். அதுவும் என் குற்றம்தான். அவர் பேக்கிங்கில் அழுதுகொண்டு உட்காரவில்லை. அங்கே இருக்கிற பெண்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும்போது விரல் வலிக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தப் பகுதியிலிருந்து முன்பு டேப் கிழிக்கிற சத்தம் மட்டும் வரும், இப்போது சிரிப்புச் சத்தமும் வருகிறது. "கஞ்சா கேஸுன்னா கம்பெனி பஸ்ல பயந்துக்கிட்டு உக்கார சீட் குடுக்கறாங்கப்பா, தாம்பரம் வரைக்கும் உக்காந்தே போறேன்" என்பார்.

போன வாரம் டீ நேரத்தில் மட்டும் சிரிக்காமல் ஒன்று சொன்னார். இந்த மாசக் கடைசியோடு அவருக்கு ரிட்டயர்மெண்ட். "எல்லாம் சரிப்பா. ஆனா ஸ்டோர் சாவிய அடுத்த ஆளுக்கு என் கையால குடுத்துட்டுப் போகணும்னு இருந்தேன். பேக்கிங்லருந்து போறவ கைல என்ன இருக்கு?" பிறகு டீயைக் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்று டீக்காரரைத் திட்டினார்.

அக்கா விரட்டுவார் என்று தெரிந்துதான் இந்த முறை அவரிடம் கேட்காமல் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், அச்சில் வந்தால் சரி. வராவிட்டால் நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டுவேன், கீழே என் பெயரும் என் நம்பரும் இருக்கும். எட்டு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் நான் சொல்கிறேன்: அந்த பாட்டில் என்னுடையது. லேபிளைக் கிழித்தவன் நான். அக்கா சொல்லியும் டோக்கன் மாட்டாதவன் நான். அவர் பழியை ஏற்றபோது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். என்ன நடவடிக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்போது உங்கள் முறை, எச்.ஆர். சார். திங்கட்கிழமை காலைக் கூட்டம். அதே மைக், அதே ஆட்கள், அக்கா முதல் வரிசையில். உங்கள் போனில் படம் இருக்கிறது. அந்தச் சீட்டில் யார் பெயர் இருந்தது, என்ன மருந்து எழுதியிருந்தது? எல்லோருக்கும் கேட்கும்படி படித்துச் சொல்லுங்கள்.