புகையில் மட்டும் கவனம் தேவை

என் அண்ணியின் கழுத்தில் அண்ணன் கட்டிய தாலியை, கேமராவில் சரியாக விழவில்லை என்பதற்காக அவிழ்க்கச் சொன்னவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

போன மாதம் தாராசுரத்தில் ஒரு கல்யாணம். வீடியோ எடுத்த பெண், "அண்ணா, இன்னொரு தடவ மாலைய மாத்திக்குங்க, லைட் சரியில்ல" என்றாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மாற்றினார். மாலைதானே. ஆனால் ஓமப் புகை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பந்திக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

திருக்கடையூரில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த அன்றும் இதே புகை. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் நிலத்தை அண்ணன் தனியாளாகப் பார்த்துக்கொண்டதால்தான் நான் படித்து, தஞ்சாவூரில் இயற்பியல் பேராசிரியர் ஆனேன். அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் இருந்த என் மகன், நண்பர் மூலமாக ஒரு டிஜிட்டல் வீடியோ கேமராவை அனுப்பியிருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போடும் ரகம். "கொஞ்ச நாள் வச்சிருந்து பாத்துச் சொல்லுங்கப்பா. வீட்டுல பொழங்க லாயக்குன்னா நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்றான் போனில்.

மதிப்பெண் போட்டே பழகிய கைக்கு வேறென்ன வேண்டும். வாய்க்காலில் நின்ற கொக்கை எடுத்தேன், ஜூம் பரவாயில்லை. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் படம் முழுக்க உமியைத் தூவியது போலப் புள்ளிகள். பேட்டரி ஒரு கச்சேரிக்குத் தாங்காது. மைக் மட்டும் அபாரம். கூடத்தில் நான் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தபோது, "கிறுக்கு முத்திப்போச்சு" என்று சமையலறையில் என் மனைவி முனகியதைக்கூடப் பதிந்து காட்டியது.

கடைசிச் சோதனைக்கு அண்ணன் கல்யாணத்தை வைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதும்போது கூசுகிறது.

கலச நீர் ஊற்றி, புதுத்துணி மாற்றிக்கொண்டு வந்து இருவரும் மணையில் உட்கார்ந்தார்கள். கெட்டிமேளம் முழங்க அண்ணன் புதுத் தாலியைக் கட்டினார். நாத்தனார் முறைக்கு எங்கள் அக்கா மற்ற முடிச்சுகளைப் போட்டாள். சரியாக அப்போது புகை குறுக்கே வந்தது. ஃபோகஸ் ஒரு நேரம் புகையைப் பிடித்தது, ஒரு நேரம் முகத்தைப் பிடித்தது, கடைசியில் எதையும் பிடிக்கவில்லை. தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு. அவசரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, சரியா விழல. அவுத்துட்டு இன்னொரு தடவ கட்டுங்க."

அண்ணி தாலியைக் கையால் பொத்திக்கொண்டார். "வேணாம் தம்பி. கட்டுனத அவுக்கக் கூடாது."

"பழைய தாலிதான் கழுத்துலயே கெடக்கே அண்ணி. இது வெறும் சடங்கு."

"நான் போட்ட முடிச்ச அவுக்கணுமாம், கேட்டீங்களா புரொபசர் சொல்றத" என்றாள் அக்கா.

எனக்கு இல்லையென்று சொல்லிப் பழகாதவர் அண்ணன். "சின்னவன் ஆசப்படுறான், விடு" என்று அண்ணியின் பின்கழுத்துக்குக் குனிந்தார். மேளத்தை யாரும் நிறுத்தவில்லை. முடிச்சு இறுகிக் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே அண்ணியின் காதில் என்னவோ சொன்னார். இரண்டாவது தடவை கட்டியது தெளிவாக விழுந்தது. 'வாங்கலாம், புகையில் மட்டும் கவனம் தேவை' என்று மகனுக்கு எழுதினேன்.

பொங்கலுக்கு வந்து போட்டுக் காட்டுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சம்பா அறுப்புக்கே அவர் இல்லை. வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் உடலை எடுத்த அன்று அக்கா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "கழுத்துல ஏறுனத எறக்கச் சொன்னான்ல, படிச்சவன்."

முடிச்சுக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பெடுக்க எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழி இருப்பதாக நானே முடிவுசெய்துகொண்டேன். அதன்பிறகு கீழ்வேளூர் போவதையே குறைத்துவிட்டேன்.

பரிகாரம் தேட எனக்குச் சில வருஷம் ஆயிற்று. கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கேசட்டைக் கொடுத்து, அவிழ்த்ததையும் மறுபடி கட்டியதையும் வெட்டச் சொன்னேன். மங்கலாக இருந்தாலும் முதலில் கட்டியது மட்டும் இருக்கட்டும். எங்கே வெட்டுவது என்று காட்ட, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். மேளச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அதே கேசட்டைக் கேமராவில் போட்டு, லென்ஸை மூடி, பழையதன் மேலேயே தீரும்வரை பதியவிட்டேன். அந்தக் காட்சி இனி யார் கண்ணிலும் படாது.

அண்ணி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்த சிடியைப் பார்த்தார். தாலி கட்டி முடித்ததும் ஆரத்தி வந்தது.

"நடுவுல கொஞ்சம் காணுமே தம்பி."

"அத எடுத்துட்டேன் அண்ணி. கேசட்டுலயும் அழிச்சிட்டேன். அவுக்கச் சொன்னது என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

அவர் டிவியை அணைத்தார்.

"உங்க அக்கா பேசுனத நான் எப்பவுமே மனசுல வச்சுக்கல. அவுக்கறப்ப உங்க அண்ணன் காதுல என்னமோ சொன்னாங்க. மேளத்துல ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்து கேட்டா, தம்பி கேசட்டு கொண்டாருவான், அதுல கேட்டுக்கன்னு சிரிச்சாங்க. அதுக்குத்தான் நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பார்வைக்கு அர்த்தம் அதுதான்.

"சரி விடுங்க. சாப்புட்டுப் போங்க" என்று எழுந்து உள்ளே போனார். மேளத்தை மீறி அந்தப் பேச்சு பதிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. பதிந்திருக்காது என்று அவரிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

அண்ணியும் இப்போது இல்லை. தாராசுரத்திலிருந்து திரும்பியதும் பரணிலிருந்து கேமராவை இறக்கினேன். மின்சாரத்தில் செருகினால் இன்னும் ஓடுகிறது. கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை. என் வீட்டு ஃபேனின் கிறீச்சு, தெருவில் ஒரு மீன்காரரின் குரல், நடுவில் ஒருமுறை என் இருமல். எல்லாம் அத்தனை துல்லியமாகக் கேட்கிறது.