யாழ்மி கச்சேரியில் செவந்தி போட்ட குலவை

ஆலங்குடியில் டவுன் பஸ் ஏறி, தென்னந்தோப்பும் கடலைக் கொல்லையுமாகக் கொஞ்ச தூரம் போனால் செவந்தியின் ஊர். அந்த வட்டாரத்தில் செவந்தியின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். அவள் தொண்டையை அறியாதவர்கள் கிடையாது. மது எடுப்புத் திருவிழாவில், நெல் நிரப்பித் தென்னம்பாளை செருகிய குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் கோயிலுக்கு நடப்பார்கள் அல்லவா, அப்போது முதல் குலவை செவந்தியுடையது. அவள் நாக்கு சுழன்ற பிறகுதான் மற்ற நாக்குகள் சுழல வேண்டும். இப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. அவளாக வைத்துக்கொண்டதுதான்.

கணவர் அழகுமலை மோட்டார் கொட்டகையில் இருந்தால் அவருக்குப் போன் போடுகிற பழக்கமே அவளிடம் இல்லை. வாசலில் நின்று ஒரே சத்தம். அவரும் வருவார், பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு பேரும் "எங்களையா கூப்பிட்டீங்க?" என்று வந்து நிற்பார்கள். அழகுமலை அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்கு ஆகவேண்டிய பேச்சை எல்லாம் ஒரே ஆள் பேசி முடித்துவிடும்போது அவர்தான் என்ன செய்வார், பாவம்.

செவந்திக்கு இந்த உலகத்தில் ஒரே போட்டி அடுத்த வீட்டுக் காத்தாயி. அழகுமலைக்கு அக்கா முறை. காத்தாயிக்கும் குலவை நன்றாகவே வரும். ஆனால் செவந்தியைக் கேட்டால், "மதினி கொலவையா? டிராக்டரைப் பின்னாடி எடுக்குற மாதிரி இருக்கும்" என்பாள். காத்தாயி இதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பாள். ஒரு நாள் வராமலா போகும் என்று காத்திருந்தாள்.

அந்த நாள் வந்தது யாழ்மியால்.

யாழ்மி என்பவள் பாப் பாடகி. செவந்தியின் மகள் அன்புமொழி திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, பிளெஸ்ஸி என்ற தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் யாழ்மிப் பைத்தியம். திருச்சியில் கச்சேரி என்றதும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்துப் பிளெஸ்ஸிக்கு வேலை வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்துச் செவந்தியும் தேங்காய், முறுக்கு, ஊறுகாய் சகிதம் மகளைப் பார்க்க வந்து இறங்கினாள். டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் அன்புமொழி, "வாம்மா, பாட்டுக் கச்சேரிதான்" என்று கூட்டிப் போனாள். ஜீன்ஸும் பனியனுமாக வந்திருந்த கூட்டத்துக்கு நடுவே செவந்தி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின பாட்டில் விளக்கை எல்லாம் தணித்தார்கள். மேளக்காரர் மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனார். யாழ்மி கண்ணை மூடினாள். கட்டியிருந்த கூந்தலை அவிழ்த்து உதறினாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள், உடம்பு நடுங்கியது, அப்படியே மண்டியிட்டாள். போகிற ஊரில் எல்லாம் அவள் செய்கிற மேடை வித்தை இது. செவந்திக்கு அது எப்படித் தெரியும்? அவிழ்ந்த தலை, மூடின கண், உச்சத்தில் மேளம்! ஐயோ, புள்ளைக்குச் சாமி வந்துருச்சே! சாமி வந்த பிள்ளையை இப்படி விட்டுவிட்டு இத்தனை ஆயிரம் பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே! இம்புட்டுச் சனத்துல ஒரு கொலவைக்கு நாதியில்லையா? அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. திருநீறு கையில் இல்லை. தொண்டை இருந்தது.

எழுந்து நின்று போட்டாள். ஊரில் போடுவதைப் போல, மூச்சு தீரும் மட்டும்.

மைதானம் முழுக்கத் திரும்பியது. யாழ்மி கண்ணைத் திறந்து, ஒரு நொடி திகைத்து, சிரித்தபடி பாட்டைத் தொடர்ந்தாள். பின்வரிசைப் பையன் ஒருவன் குனிந்து அன்புமொழியிடம் கேட்டான்: "ஒங்ககூட வந்தவங்களா?"

"இல்லைங்க. யாருன்னு தெரியலை" என்றாள் அன்புமொழி, மேடையைப் பார்த்தபடி.

செவந்திக்குத் தொண்டை எப்படியோ அப்படித்தான் காதும். மகள் சொன்னது அதில் விழுந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியதும் அன்புமொழி, "அது சாமி இல்லம்மா, நடிப்பு. இதெல்லாம் வீடியோ எடுத்திருக்காங்க. பின்னாடி வெளியிடுவாங்க. எடிட்டிங்ல ஒன் சத்தத்தைத் தூக்கிருவாங்க, கவலைப்படாதே" என்றாள். செவந்தி அதுவரை கவலையே படவில்லை. அப்போதுதான் படத் தொடங்கினாள்.

ஊருக்கு வந்து அவள் சொன்ன கதை வேறு. கச்சேரியில் குலவை போட்டதும், பாடகி கும்பிட்டதும் (இது முதல் வாரம் கிடையாது, மூன்றாவது வாரம் சேர்ந்தது), "எம்மக என்னையக் கட்டிப் புடிச்சு, எங்கம்மா எங்கம்மான்னு ஒரே சத்தம்" என்பதும் சொல்லச் சொல்ல வளர்ந்தன. வீடியோ வரும்போது எல்லாரும் பார்க்கலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு முள். பெற்ற பிள்ளை யாருன்னு தெரியலை என்று சொல்லிவிட்டதே. குலவை அந்த வீடியோவில் இருந்துவிட்டால், நாலு பேர் நல்லதாகச் சொல்லிவிட்டால், மகளுக்கு அந்த வெட்கம் போய்விடாதா? யாரிடமும் சொல்லாமல் அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள். அன்புமொழி தினமும் போனில் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பாள். கச்சேரிப் பேச்சு மட்டும் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ வந்தது. அழகுமலை போனோடு டிவியை இணைத்துக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். காத்தாயி முன் இடத்தைப் பிடித்திருந்தாள். தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். காபி ஒரு சுற்று போனது. "இந்தப் புள்ளைக்குச் சட்டையில ஒரு கையைத் தைக்க மறந்துட்டாக போல" என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். "செத்த சும்மா இருங்க, இந்தா வரப்போகுது" என்று செவந்தி அடக்கினாள்.

விளக்கு தணிந்தது. மேளம் ஏறியது. கூந்தல் அவிழ்ந்தது. செவந்தி சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தது குலவை! தூக்கவே இல்லை. முழுசாக, மைதானமே அதிர வந்தது. செவந்தி பாதி எழுந்துவிட்டாள். ஆனால் திரையில் தெரிந்த முகம் அவளுடையது இல்லை. ரோஸ் நிறத்தில் முடிக்குச் சாயம் அடித்த ஒரு பெண், வாயைத் திறந்தபடி நின்றாள். குலவை முடிகிற வரைக்கும் அவளைத்தான் காட்டினார்கள்.

"அடி ஆத்தீ! அந்தப் புள்ளையில்ல போடுது!" என்றாள் காத்தாயி.

"நாக்கைப் பாருங்க மதினி, நாக்கு அசையுதா? கொட்டாவி விடுறவ கணக்கா நிக்கிறா!"

"ஒன் மூஞ்சியையே காணமே. ஒம் மக கட்டிப் புடிச்சுச் சத்தம் போட்டாளே, அதையும் காணமே?"

செவந்தி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருப்பதைக் கண்டு அழகுமலை பயந்துபோய் எழுந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துச் செவந்தியின் போன் அடித்தது. அன்புமொழி. எடுக்கக் கை வரவில்லை. மூஞ்சி வரலை, தப்பிச்சோம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள், வேறென்ன? காத்தாயி சும்மா இருப்பாளா? போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! பாத்தியா? ஒன் கொலவையைத் தூக்கலைம்மா!" மூச்சு வாங்கப் பேசியது குரல். "அந்த ரோஸ் முடிக்காரி மேல போட்டுட்டானுங்க, எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! எல்லாரும் அவளைப் போயிப் புகழ்றானுங்க. அது எங்கம்மா, பேரு செவந்தி, ஆலங்குடிப் பக்கம்னு வீடியோவுக்குக் கீழ எழுதிட்டேன். ஒருத்தனும் நம்பலை. இங்க ஆபீஸ்லயும் நம்ப மாட்டேங்குறாங்க. எல்லாரும் நிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை போடும்மா!"

செவந்தி வாயைத் திறந்தாள். ஊரையே கூப்பிடுகிற அந்தத் தொண்டையில் ஒரு சத்தம் இல்லை. எங்கம்மான்னு எழுதிட்டாளாமே என்று நினைத்ததுதான், அழுகை வந்து அடைத்துக்கொண்டது. கண்ணீர் கன்னத்தில் இறங்க, வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?" பின்னால் யாரோ ஆபீஸில் சிரிப்பது கேட்டது.

காத்தாயிக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை. எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளைப் பார்த்து எவன்டா சிரிக்கிறது? போனை வாயருகே வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, தன் ஆயுசிலேயே நீளமான குலவையைப் போட்டாள். திருச்சியில் கைதட்டலும் விசிலும் பறந்தன. "சூப்பர் ஆண்ட்டி!" என்று கத்தினார்கள்.

"இருங்க, இருங்க, கை தட்டாதீங்க" என்று அன்புமொழி அவர்களை அடக்குவது கேட்டது. "இது எங்கம்மா இல்லை. அத்தை, நீங்க நல்லாத்தான் போட்டீங்க, கோவிச்சுக்காதீங்க. எங்கம்மாகிட்ட போனைக் குடுங்க. எங்கம்மா கொலவை எனக்குத் தெரியாதா?"