முனாப் நூடில்சுக்கு மேல் போட்டது

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடிய பயணிகள் மோட்டார் படகில், லோஞ்சில், முனாப் எஞ்சின்காரர். பல வருடமாக அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, கரையிலும் அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எவருக்கும் கேட்கப்போவதில்லை என்ற எண்ணம் உடம்பில் ஊறிவிட்டது. மனைவி றுக்கியாவும் அதற்கு ஏற்றவள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் வாழ்ந்தார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவர்களுடைய கூரையைக் கொண்டுபோனது. பக்கத்து வளவில் தேடினார்கள். அங்கேயும் இல்லை. தென்னங்கிடுகுக்குக் கீழே ஒரு மாரி மழை முழுவதும் நனைந்த பிறகு, றுக்கியா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“நான் குவைத்துக்குப் போகப் போறன். வீட்டு வேலைக்கு. ஓடு போடக் காசு காணுமெண்டா வந்திருவன்.”

முனாப் சோற்றைப் பார்த்தார். “எப்ப?”

“பாஸ்போட் வந்திட்டு.”

“ஓம்,” என்றார் முனாப்.

அவள் போன பிறகுதான் சமைப்பதற்குக் குசினி என்று ஓர் இடம் வீட்டில் இருப்பது அவருக்கு உறைத்தது. அடுத்த தெருவில் இருந்த மூத்த சகோதரி உம்மு குல்சும் சோறு கொண்டுவந்தாள். சோற்றை வைத்துவிட்டுப் போகமாட்டாள். அவர் தின்று முடிக்கும் வரை எதிரில் குந்தியிருந்து பேசுவாள்.

“பொஞ்சாதியக் கடல் தாண்டி அனுப்பிட்டுக் கூரைக்குக் காத்திரிக்கிற ஆம்பிளய நான் இப்பதான் பாக்கிறன், தம்பி.”

முனாப் சில நாட்கள் இதையும் சேர்த்து விழுங்கினார். பிறகு ஒருநாள் சோற்றுக் கோப்பையைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ராத்தா, நாளைக்கு வேணாம். நான் ஆக்கிறன்.”

“என்னத்த ஆக்குவாய்?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் திருகோணமலை இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த சோமசேகரத்தின் கடைக்குப் போனார். இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். கடையில் முன்பு கண்டிராத சாமான்கள் எல்லாம் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒரு பைக்கற்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“நூடில்ஸ்,” என்றார் சோமசேகரம். முனாப்பை அவர் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். “காய்ஞ்ச இடியப்பம் மாதிரி. சுடுதண்ணி வைக்கத் தெரியுமோ, காக்கா?”

“தேத்தண்ணிக்கு வெச்சிரிக்கன்.”

“அது காணும்.”

மறுநாள் முனாப் அந்தப் பைக்கற்றுக்குள் இருந்த சின்னத் தூள் பையோடு கடைக்குத் திரும்பி வந்தார். பையில் ஒரு கோழியின் படம் இருந்தது.

“முதலாளி, இந்தக் கோழிய ஆர் அறுத்த?”

சோமசேகரம் பையைத் திருப்பித் திருப்பி வாசித்தார். “அது எழுதேல்ல.”

“அப்ப வேணாம்.”

“தூள் இல்லாட்டி அதில ருசியே இல்லை, காக்கா.”

“இல்லதான். நேத்துத் திண்டு பாத்தன்.”

ஆனாலும் இன்னும் சில பைக்கற்றுகள் வாங்கிக்கொண்டு போனார். ராத்தாவிடம் சொல்லியாகிவிட்டது.

முதலில் உப்பும் மிளகுத்தூளும் போட்டார். உப்பும் மிளகும் போட்ட சுடுதண்ணீர் கிடைத்தது. தேங்காய்ப்பால் விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்ததில் எல்லாம் கரைந்து, சுவரொட்டி ஒட்டும் பதத்தில் ஒன்று வந்தது. அதையும் தின்றார். அரைப்பதத்தில் இறக்கித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது அதற்குப் பிறகு பிடிபட்டது. வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் பொரித்து மேலே தூவிய அன்று, முதல் தடவையாகச் சட்டியை வழித்தார். கூனி இறாலை வறுத்துப் போட்டபோது பக்கத்து வீட்டுப் பூனை குடிவந்துவிட்டது. வேலியில் நின்ற முருங்கையும் தப்பவில்லை.

அந்த வருட நோன்புக்கு முன்னால் கிண்ணியாக்காரர் ஒருவர் குவைத்திலிருந்து வந்தார். றுக்கியா அவரிடம் குரல் பதியும் ஒரு ரேடியோ கசெற்றும் ஒரு நாடாவும் கொடுத்து அனுப்பியிருந்தாள். முனாப் நாடாவைப் போட்டார். றுக்கியாவின் குரல் வந்தது. அந்த வீட்டில் நாலு பிள்ளைகள், வேலை கூட, சுகமாக இருக்கிறேன் என்றது. “நீங்க என்ன சாப்பிடுறீங்க? கதைச்சு அனுப்புங்க.”

முனாப் பொத்தானை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நாடா ஓடியது. காகம் கரைந்ததும் ஆடு கத்தியதும் பதிவாகின. கடைசியில் “நூடில்ஸ்” என்றார். நாடா நிற்கவில்லை. ஆகவே எப்படி என்று சொல்லத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்தபோது முருங்கை இலைக்கே இன்னும் வந்திருக்கவில்லை. நாடாவைத் திருப்பிப் போட்டார்.

வந்த பதிலில் சுகம் விசாரிப்புக் குறைவாகவே இருந்தது. “கூனியக் கழுவினீங்களா? கழுவாட்டி மண் கடிக்கும். முருங்க இலைய கடைசியில போடுங்க, இல்லாட்டிக் கைக்கும். முட்ட அவிச்சுப் போட்டுப் பாருங்க.” அவள் சொன்னபடி செய்தார். சரியாக வந்தது. அது அவருக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் பசிக்காக மட்டும் சமைக்கவில்லை. கொட்டியாரக்குடாக் கடலின் நடுவில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, அடுத்த நாடாவில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று யோசிப்பார். அதற்காகவே மாசிக்கருவாட்டுத் தூள் போட்டார், தேசிக்காய் பிழிந்தார், ஒருநாள் வாழைப்பூவையும் துவர்ப்பு எடுக்காமல் போட்டார். வாழைப்பூவைக் கேட்டு நாடாவில் றுக்கியா சிரித்தாள். அவள் இவ்வளவு நேரம் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டதில், நாடா அங்கே இழுபட்டுப்போனது. பிறகு அவள் ஆண்குரலில் சிரித்தாள்.

எண்பத்திரண்டில் றுக்கியா வந்து இறங்கினாள். அவள் அனுப்பிய காசில் ஓடு ஏற்கெனவே போட்டாயிற்று. அண்ணாந்து ஒருமுறை பார்த்தாள். “நல்லம்,” என்றாள். முனாப் அவளைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனார். அன்று லோஞ்சுக்கு லீவு சொல்லியிருந்தார். அறிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டி, அவித்த முட்டையை இரண்டாக வெட்டி மேலே வைத்துக் கொண்டுவந்தார்.

றுக்கியா ஒரு வாய் வைத்தாள். கோப்பையை மெதுவாகத் தள்ளினாள்.

“அங்க அந்தப் பிள்ளைகளுக்கு நாளாந்தம் இதுதான் அவிச்சனான். இனிப் பாக்கவும் ஏலாது.”

“கசெற்றில சொல்லல்லியே.”

“சொன்னா நீங்க கதைக்கிறத்த நிப்பாட்டிருவீங்க.”

முனாப் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துத் தின்னத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் றுக்கியாவின் கை நீண்டு வந்தது. கூனியையும் பொரித்த வெங்காயத்தையும் கிள்ளி எடுத்தது. பிறகு பாதி முட்டை போனது. முருங்கை இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முனாப்பின் முன்னால் வெறும் நூடில்ஸ் மிஞ்சியது.

“மேல உள்ளது நல்லாரிக்கு,” என்றாள்.

“கீழ உள்ளது?”

“அது வேணாம்.”

அடுத்த நாள் முனாப் மேலே போடுவதை மட்டும் செய்தார். கீழே போட றுக்கியா சோறு ஆக்கினாள். தேசிக்காய் போதுமா போதாதா என்பதில் இரண்டு பேருக்கும் லோஞ்சு நேரம் வரை கதை போனது.